ஒற்றைச் சாவி

எங்கள் வீட்டுக் கட்டில் ஆறியதே இல்லை. விடியற்காலையில் நான் எழுந்து போன சூட்டில் அவர் வந்து படுப்பார். பொழுது சாயும்போது, அவர் கடைசி நிமிஷம்வரை தூங்கிவிட்டு அரக்கப்பரக்க எழுந்து போன சூட்டில் நான் வந்து விழுவேன். செருப்பைக்கூடக் கழற்ற மாட்டேன். கழற்றிக்கொண்டிருந்தால் அதற்குள் ஆறிவிடும். எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது என்பதற்கு அன்றாடம் கிடைத்த அத்தாட்சி அந்தச் சூடு ஒன்றுதான்.

நான் ஹோட்டல்களுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் ஒரு பெரிய லாண்டரியில் பகல் வேலை பார்க்கிறேன். அவர் பிரெட் கம்பெனியில் ராத்திரி வேலை, அடுப்புக்குப் பக்கத்தில். ராத்திரிக்குப் படி கூடுதலாகக் கிடைக்கும், கடன் சீக்கிரம் அடையும் என்று அவரே கேட்டு வாங்கிய ஷிப்ட். அவர் பஸ்ஸைவிட்டு இறங்குகிற நிறுத்தத்தில்தான் நான் பஸ் ஏற வேண்டும். மாலையில் நான் இறங்குகிற இடத்தில் அவர் ஏற வேண்டும். வீட்டுக்கு ஒரே சாவி. கதவோடு சேர்ந்த பூட்டு. வீட்டுக்காரர் குடிவைக்கும்போதே ஒன்றைத்தான் கொடுத்தார். இன்னொன்று வெட்டிக்கொள்ளலாம் என்று நான் சொன்னதற்கு, "அதான் தினம் ரெண்டு வேளை பாத்துக்கறோமே, எதுக்கு வெட்டிச் செலவு?" என்றார் இவர். எங்கள் வீட்டில் எல்லாமே வெட்டிச் செலவுதான். சிரிப்புக்கு மட்டும்தான் காசு வேண்டாம். அதையும் நேரம் இல்லாததால் நாங்கள் செலவழிக்கவில்லை.

ஆக, காலையில் சாவி என் கையிலிருந்து அவர் கைக்குப் போகும். மாலையில் அவர் கையிலிருந்து என் கைக்கு வரும். சில நாள் காலையில் சாவியை வாங்கிக்கொண்டு, கம்பெனியில் உடைசல் என்று ஒதுக்கிய பிரெட்டைக் காகிதத்தில் சுற்றி என்னிடம் நீட்டுவார். இளஞ்சூடாக இருக்கும். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு போவேன். பஸ் வருகிறவரைக்கும் கிடைக்கிற நேரத்தில் நாங்கள் குடும்பம் நடத்தி முடித்தாக வேண்டும். கேஸ் தீர்ந்துவிட்டது, குழாயில் தண்ணீர் வரவில்லை, உங்கள் அக்கா போன் செய்தார் என்பதற்கே நேரம் சரியாகிவிடும்.

சண்டை போடுவதென்றால் அதையும் தவணையில்தான் போட வேண்டும். ஒருமுறை அவருடைய ஒரே நல்ல சட்டையைப் பற்றிச் சண்டை. "ஊரான் வீட்டு பெட்ஷீட்டையெல்லாம் தேய்க்கற. என் சட்டை கசங்கிக் கெடக்கறது மட்டும் கண்ணுக்குத் தெரியல" என்று காலையில் ஆரம்பித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. பகல் முழுக்கப் பதிலைக் கூர்தீட்டி வைத்திருந்து மாலையில் கொடுத்தேன். அவருடைய பதில் மறுநாள் காலையில் வந்தது. அந்தச் சண்டை முடிய ஒரு வாரம் ஆயிற்று. நிறுத்தத்தில் பேப்பர் விற்கிறவர் நடுவில் லீவு போட்டுவிட்டு வந்து, "என்னம்மா, சட்டை விஷயம் என்ன ஆச்சு?" என்று என்னையே கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. பிறகு யோசித்துப் பார்த்தால், எங்கள் குடும்ப வாழ்க்கையை முழுசாகப் பார்த்த ஒரே மனிதர் அவர்தான்.

கடன் வந்த கதை பெரிய கதையில்லை. இவர் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து அச்சகம் வைத்தார். பில் புத்தகம், விசிட்டிங் கார்டு, நோட்டீஸ். எல்லோரும் எல்லாவற்றையும் போனிலேயே அனுப்பிக்கொள்ள ஆரம்பித்த நேரம் பார்த்துக் கடை திறந்தார்கள். கூட்டாளி கையைக் கழுவிக்கொண்டு போனார். மெஷின் எடைக்குப் போனது. கடன் மட்டும் சேதாரமில்லாமல் வீடு வந்து சேர்ந்தது.

கல்யாணமான புதிதில் அவர் தன் சின்ன வயதுக் கதை ஒன்றைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருந்தார். அவர் அப்பா கண்ட இடத்திலெல்லாம் கடன் வாங்குவார். கதவு தட்டும் சத்தம் கேட்டால் முதல் வேலை மின்விசிறியை நிறுத்துவது. "அது ஓடினா உள்ள ஆள் இருக்குன்னு காட்டிக் குடுத்துடும்ல" என்றார். இரண்டாவது வேலை பையனைக் கதவுக்கு அனுப்புவது. பையன் கதவை ஒருக்களித்துத் திறந்து, "அப்பா வீட்ல இல்ல" என்பான். அப்பா அதே கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "எங்கப்பாவுக்குக் குப்புனு வேர்க்கும். அதான் ஞாபகம் இருக்கு. ஃபேன் இல்லேல்ல" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அச்சகக் கடனுக்காக முதல் ஆள் எங்கள் கதவைத் தட்டியபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவர் சட்டென்று எழுந்து போய் விசிறியை நிறுத்தினார். கதவுக்குப் பின்னால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் போய், "அவர் வீட்ல இல்லீங்க" என்றேன். வந்தவர் மரியாதையான மனிதர், தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். இவர் வெகுநேரம் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

அப்புறம் சொன்னார்: "இன்னிக்கு நீ போன. புள்ளன்னு ஒண்ணு இருந்தா அது போகும். கடன மொத்தமா அடைச்சிட்டு அப்புறம் பெத்துக்கலாம்."

சரி என்றேன். யாரும் என் கையை முறுக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தபோது வேறெதுவும் சொல்லத் தோன்றவில்லை. சில்லறைக் கடன்களையெல்லாம் சேர்த்து ஒரே பேங்க் கடனாக மாற்றினோம். கதவு தட்டுவது நின்றது. அதற்குப் பிறகு வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மாதாமாதம் கட்டினோம். ஆரம்பிக்கும்போது எனக்கு முப்பதுகூட ஆகவில்லை. கடைசியாக டாக்டரிடம் போனபோது, "முப்பத்தஞ்சு ஆச்சு, இன்னும் தள்ளிப் போடாதீங்கம்மா" என்றார். அதை நான் பஸ் நிறுத்தத்தில் இவரிடம் சொன்னேன். இவர் சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "இன்னும் கொஞ்ச நாள்தான்" என்றார். பஸ் வந்துவிட்டது.

எங்களுக்குள் இன்னொரு சட்டமும் இருந்தது. தூங்குகிறவரை எழுப்பக் கூடாது. அதைப் போட்டவள் நான்தான். ஆரம்பத்தில் ஒரு லீவு நாளில், பேச ஆளில்லாமல், பகலில் தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பி உட்காரவைத்துக் கதையடித்தேன். ஒரு விஷயமும் இல்லை, சும்மாதான். கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டார் பாவம். அன்று ராத்திரி தூக்கக் கலக்கத்தில் அடுப்பிலிருந்து எடுத்த சுடுதட்டில் முழங்கையை வைத்துவிட்டார். தோல் வழண்டு போயிற்று. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவரைப் போலவே என் லீவு நாளையும் நான் லாண்டரிக்கே விற்றுவிட்டேன், இரட்டைச் சம்பளம். வீட்டில் இருந்தால் மறுபடி எழுப்பிவிடுவேன் என்று பயம்.

லாண்டரியில் எனக்கு உருளை மெஷினில் வேலை. ஈர பெட்ஷீட்டை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து இழுத்து, சூடான உருளைக்குள் சுருக்கமில்லாமல் விட வேண்டும். மறுபக்கம் அது மொடமொடவென்று வந்து விழும். என் ஜோடி ஒரு அக்கா. அவரை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவோம். நிறுத்துகிற பொத்தானை வைக்க மறந்துவிட்ட ரேடியோ. எங்களுக்கு வருவதெல்லாம் இரட்டைக் கட்டில் பெட்ஷீட். "எத்தன ஜோடி படுத்து எழுந்தத நாம துவைக்கறோம் பாரு. நீ மட்டும் ஒண்டியாக் கெடக்கற" என்பார். நல்ல மனசு அவருக்கு. வாய்க்குத்தான் கதவு கிடையாது.

மாலையில் படுக்கையின் சூடு ஆறியதும் எழுந்து விளக்குப் போடுவேன். பாத்திரத்தோடு வைத்து நின்றபடியே சாப்பிடுவேன். ஒரு ஆளுக்காக ஒரு தட்டைக் கழுவ வேண்டுமே என்ற சோம்பல். டிவியை விற்றாயிற்று. பக்கத்து வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை நடந்தால் அன்றைக்கு எனக்குப் பொழுது போய்விடும். சுவரில் காதை வைத்து ஒட்டுக் கேட்பேன். என்ன சண்டை என்பது எனக்கு முக்கியமில்லை. ஒரே மூச்சில் ஆரம்பித்து, கத்தி, அழுது, சமாதானமாகி, அன்றைக்கே முடித்துவிடுகிறார்களே, அதுதான் பொறாமையாக இருக்கும். அவர்களுக்கு ஒரு கைக்குழந்தை. சண்டைக்கு நடுவில் அது அழும். உடனே இரண்டு பேரும் நிறுத்திவிடுவார்கள். அப்போது சுவரின் இந்தப் பக்கம் நான் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பேன். கல்யாணமாகாதவள் தனியாக இருந்தால் ஊர் பரிதாபப்படும். கல்யாணமானவள் தனியாக இருந்தால் கெட்டிக்காரி, குடும்பத்தை நிமிர்த்திவிடுவாள் என்று பாராட்டும். எனக்குப் பாராட்டு அலுத்துவிட்டது.

ஒருவழியாகக் கடன் முடிந்தது. பேங்கில் கவுன்ட்டரில் இருந்த பெண் ஒரு காகிதத்தில் முத்திரை குத்தி நீட்டி, "அவ்ளோதாங்க" என்றாள்.

"அவ்ளோதானா?" என்றார் இவர்.

"வேற ஏதாவது லோன் வேணுமா சார்?"

நான் அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தேன். நடைபாதையில் வந்து நின்றோம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவர் அந்தக் காகிதத்தை மடித்து மடித்து, இனி மடிக்க முடியாது என்கிற அளவுக்குச் சின்னதாக்கிப் பையில் வைத்துக்கொண்டார். முகத்தில் சந்தோஷம் இருந்ததா என்று இப்போது யோசிக்கிறேன். அப்போது நான் பார்க்கவில்லை. என் சந்தோஷத்திலேயே மூழ்கிக் கிடந்தேன்.

"பகல் ஷிப்ட் கேளுங்க" என்றேன்.

"கேக்கறேன்."

"நாளைக்கே கேளுங்க."

"கேக்கறேன்னு சொன்னேன்ல."

அந்த வார லீவை நாங்கள் இரண்டு பேருமே விற்கவில்லை. முழுசாக ஒரு பகல், ஒரே வீட்டில், இரண்டு பேரும் விழித்துக்கொண்டு. நான் சமைத்தேன். தட்டில் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டோம். "உப்பு போதுமா?" என்றேன். "போதும்" என்றார். அதற்குமேல் என்ன பேசுவதென்று தெரியவில்லை. கேஸ் இருந்தது, குழாயில் தண்ணீர் வந்தது, அவர் அக்கா போன் செய்யவில்லை. பஸ் வந்து காப்பாற்றினால் தேவலை என்று இருந்தது.

சாப்பிட்டுவிட்டுப் படுத்தோம். அப்போதுதான் மெத்தையின் லட்சணம் தெரிந்தது. இத்தனை வருஷமாக அவரும் நடுவில் படுத்து, நானும் நடுவில் படுத்து, அதில் ஒரே ஒரு பள்ளம் விழுந்திருந்தது. ஆளுக்கொரு பக்கமாகப் படுத்தால் இரண்டு பேரும் நடுவுக்கு உருண்டு வந்து இடித்துக்கொண்டோம். "ஸாரி" என்றார் அவர். கட்டிய பெண்டாட்டியிடம், பஸ்ஸில் இடித்துவிட்டவரைப் போல. பிறகு அவர் அந்தப் பக்கத்துக் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். நான் இந்தப் பக்கத்துச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். நடுவில் பள்ளத்தைக் காலியாக விட்டுவிட்டு, எங்கே விழுந்துவிடுவோமோ என்று இரண்டு பேரும் கெட்டியாகத் தொற்றிக்கொண்டு கிடந்தோம். கொஞ்ச நேரத்தில், "காத்தாட வெளிய இருக்கேன்" என்று அவர் எழுந்து போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டார்.

அவர் போனதும் நான் பள்ளத்துக்குள் இறங்கிப் படுத்தேன். சில்லென்று இருந்தது. கட்டில் ஆறியதே இல்லை என்று சொன்னேன். அன்றைக்கு ஆறியிருந்தது.

பழகினால் சரியாகிவிடும் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். பகல் ஷிப்ட் வந்துவிட்டால், தினமும் ஒரே நேரத்தில் வீட்டில் இருந்தால், கூச்சம் தானாக விட்டுப்போகும். பஸ் நிறுத்தத்தில் தினமும் கேட்டேன். "சூப்பர்வைசர் ஊர்ல இல்ல" என்றார். அடுத்த வாரம் "ஆள் கொறச்சலாம்" என்றார். அதற்கடுத்த வாரம், "சொல்றேன்னு சொல்லியிருக்காரு, அவசரப்படாத" என்றார். அந்த வாரங்களில் பிரெட் மட்டும் தவறாமல் வந்தது. உடைசல் இல்லை, முழு பிரெட். அதிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"ஒனக்கு நல்லாக் காது குத்தறாரு" என்றார் ரேடியோ. "நேர்ல போய்க் கேட்டுட்டு வா."

"அவர் பொய் சொல்ல மாட்டாருக்கா."

"பொய் சொல்லாத ஆளா இருந்தா ஒரு மாசமா ஒரே ஷிப்டுக்கு மூணு காரணம் சொல்வாரா? கல்லுளிமங்கன்டி ஒன் வீட்டுக்காரர்."

எனக்குக் கோபம் வந்தது. ரேடியோ மேலா, அவர் மேலா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அன்றைக்குப் பெட்ஷீட்டெல்லாம் ஒரு பக்கம் கோணலாகவே உருளைக்குள் போயின.

அந்த வாரமே லாண்டரியில் பாய்லர் பழுதாகிவிட்டது. நீராவி இல்லையென்றால் எங்களுக்கு வேலை இல்லை. மத்தியானத்துக்கு முன்னாலேயே எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்தபோது பிரெட் கம்பெனிப் பக்கம் போகிற பஸ் நின்றிருந்தது. யோசிக்க நேரம் கிடைத்திருந்தால் ஏறியிருக்க மாட்டேன்.

சூப்பர்வைசர் ஊரில்தான் இருந்தார். வெள்ளைத் தொப்பி போட்ட குண்டு மனிதர். நான் இன்னாருடைய வீட்டுக்காரி என்று சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"அவருக்குப் பகல் ஷிப்ட் எப்ப கிடைக்கும் சார்?"

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "போன மாசமே போட்டுட்டேனேம்மா. போர்டுல பேர்கூட ஒட்டியாச்சு. அவர்தான் வந்து, கடன் பாக்கி இருக்கு சார், ராத்திரிப்படி இல்லன்னா சமாளிக்க முடியாதுன்னு கெஞ்சினாரு. சரி, கஷ்டப்படற மனுஷன்னு நானும் ராத்திரிக்கே மாத்திட்டேன்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "இன்னும் எவ்வளவும்மா பாக்கி? நிறையவா?" என்றார்.

காகிதத்தில் குத்திய முத்திரை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"கொஞ்சம்தான் சார்" என்றேன்.

மறுபடியும் அவருக்காக நான் கதவுக்குப் போயிருந்தேன். சூப்பர்வைசரும் அந்தக் கடன்காரரைப் போல மரியாதையான மனிதர், தலையாட்டினார். நான் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன்.

திரும்புகிற பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். வேறொருத்தி இருக்கிறாளோ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். பிறகு எனக்கே சிரிப்பு வந்தது. எனக்கே ஒதுக்க நேரமில்லாத மனிதர் இன்னொருத்திக்கு எங்கே போவார்? சிரிப்பு நின்றதும் அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த நேரத்து வெயிலில் எங்கள் தெருவை நான் பார்த்ததே இல்லை. யார் வீட்டுத் தெருவிலோ இறங்கிவிட்டது போல இருந்தது.

வீட்டுக் கதவுக்கு முன்னால் வந்து கைப்பையைத் துழாவியபோதுதான் உறைத்தது. சாவி காலையிலேயே அவரிடம் போயிருந்தது. அவர் உள்ளே பூட்டிக்கொண்டு தூங்குகிறார். இத்தனை வருஷத்தில் என் வீட்டுக் கதவை நான் தட்டியதே இல்லை. உள்ளே எங்கள் பழைய விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. தூங்குகிறவரை எழுப்பக் கூடாது. அந்தச் சட்டத்தை நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு தட்டினேன்.

விசிறி நின்றது.

கதவுக்குப் பின்னால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நிற்கிறார் என்று பார்க்காமலே தெரிந்தது. எங்கள் கதவைத் தட்டுவதற்கு உலகத்தில் இப்போது எந்தக் கடன்காரனும் இல்லை. ஆனாலும் நிறுத்திவிட்டார்.

"நான்தான்" என்றேன்.

கதவை இன்னும் ஒட்டி நின்றுகொண்டேன்.

"பாய்லர் கெட்டுப்போச்சு. சீக்கிரம் விட்டுட்டாங்க. உங்க கம்பெனிக்குப் போயிட்டு வரேன். சூப்பர்வைசரப் பாத்தேன்."

கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் கேட்டது. சாவி திரும்பவில்லை. நான் வாசற்படியிலேயே உட்கார்ந்து கதவில் சாய்ந்துகொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் குரல் கேட்டது. என் தலை இருந்த உயரத்திலேயே கேட்டது. அவரும் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"என்ன சொன்னாரு?"

"இன்னும் எவ்வளவு பாக்கின்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"கொஞ்சம்தான்னு சொன்னேன்."

"திட்டிடு" என்றார்.

"திட்டத்தான் போறேன். அதுக்கு முன்னாடி நீங்க சொல்லுங்க. இப்ப பஸ் எதுவும் வரப்போறதில்ல."

அவர் பேச ஆரம்பித்ததும் நிறுத்தவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் ஒரேயடியாக அவ்வளவு பேசியதில்லை.

"கடன் இருந்தவரைக்கும் எனக்கு என்ன பண்ணணும்னு தெரியும். வேலைக்குப் போகணும், வந்து தூங்கணும், பணத்தக் கட்டணும். அது முடிஞ்சா அடுத்தது புள்ளன்னு நாமதான பேசிக்கிட்டோம். பேங்க்ல அந்தப் பொண்ணு முத்திரை குத்தினப்பவே எனக்குப் பயம் வந்துடுச்சு. அப்பான்னா எப்படி இருக்கணும்? எனக்குத் தெரியாது. கதவுக்குப் பின்னாடி நிக்கறதுதான் தெரியும். காசு இல்லாததாலதான் எங்கப்பா அப்படி நின்னாருன்னு நெனச்சேன். இப்ப எனக்குக் கடன் இல்ல. நீ ஒரு தட்டு தட்டினதுக்கே ஃபேன நிறுத்திட்டேன் பாரு. உன்கூட முழுசா ஒரு பகல் இருக்கவே தெரியல. அன்னிக்கு மாடிப்படில உக்காந்துக்கிட்டு, எப்படா சாயங்காலம் ஆகும்னு இருந்துச்சு. உன்கிட்ட இத எப்படிச் சொல்றது?"

கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவர்மேல் இரக்கமாக இருந்தது. என்மேலும் இரக்கமாக இருந்தது. அது கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. பக்கத்து வீட்டில் சத்தமே இல்லை. சுவரில் காதை வைத்திருப்பார்கள். வைக்கட்டும், நானும் வைத்தவள்தான்.

"எனக்கும்தான் அன்னிக்கு என்ன பேசறதுன்னு தெரியல. எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றேன். "நீங்க படுத்த சூட்டுல படுத்துப் படுத்தே இவ்வளவு நாள் ஓட்டிட்டேன். எனக்குப் புள்ள வேணும். வயசாயிடுச்சு, கிடைக்காமலும் போகலாம். போனா அழுவேன், அழுதுட்டு இருந்துடுவேன். ஆனா எனக்கு வீட்ல ஆள் வேணும். நீங்க வீட்ல இல்லன்னு முதல்ல அந்தக் கடன்காரர்கிட்டச் சொன்னேன். இன்னிக்கு உங்க சூப்பர்வைசர்கிட்டயும் ஏறக்குறைய அதையேதான் சொல்லிட்டு வந்திருக்கேன். இனிமே என்னால முடியாதுங்க."

உள்ளே விம்மல் போல ஏதோ கேட்டது. இருமலாகவும் இருக்கலாம். நான் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டேன். முதல்முறை வருகிற ஒரு வெளியாளைப் போல, விரல் முட்டியால் மெதுவாக மறுபடி தட்டினேன்.

"வீட்ல யாராவது இருக்கீங்களா?"

நான் நின்றேன். நெற்றியில் வேர்வை வழிந்தது. உள்ளே காற்றில்லாமல் அவருக்கும் வேர்த்துக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். போய்விடலாமா என்றும் தோன்றியது. எங்கே போவது? ரேடியோ வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

கடகடவென்று விசிறி சுற்ற ஆரம்பித்தது.

"இருக்கேன்" என்றார் உள்ளேயிருந்து. அதற்குப் பிறகுதான் சாவி திரும்பியது.